கல்லீரல் புற்றுச் செல்லில் ஒரு நொதியின் எம்ஆர்என்ஏவை அளப்பது எப்படி? ஹெப்ஜி2 செல்லும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸும்: முழுமையான வழிகாட்டி

கல்லீரல் செல்களுக்கு ஸ்டேட்டின் மருந்தைக் கொடுத்தால், அவை சொந்தமாகக் கொலஸ்ட்ரால் செய்வது பெருமளவு நின்றுபோகும். கொலஸ்ட்ரால் தயாரிப்பின் கழுத்துப் பகுதியில் உட்கார்ந்திருக்கும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதியை அந்த மருந்து அடைத்துவிடுகிறது. ஆனால் அதே செல்களை மறுநாள் உடைத்து, அந்த நொதிக்கான எம்ஆர்என்ஏ (அதைச் செய்யச் சொல்லி மரபணுவிலிருந்து வரும் தூது நகல்) எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். குறைந்திருக்காது. சில மடங்கு கூடியிருக்கும்.

இந்த முடிவை முதன்முதலில் என் கையால் எடுத்தபோது டியூப்களை மாற்றி வைத்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு, முழுச் சோதனையையும் திரும்பச் செய்தேன். அதே விடைதான் வந்தது. செல் தனக்குக் கொலஸ்ட்ரால் போதவில்லை என்று உணர்கிறது, அதனால் நொதியை இன்னும் செய் என்று கூடுதலாகத் தூது அனுப்புகிறது. எம்ஆர்என்ஏ காட்டுவது செல்லின் கோரிக்கையை. நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு கணக்கு. இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் அந்தக் கோரிக்கையைச் சிதையாமல், கூட்டாமல் குறைக்காமல் எண்ணாக மாற்றுவதற்கானவை. கடைசிப் படி மட்டும் அந்த எண்ணை எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது.

செல் வளர்ப்பும் பிப்பெட் பிடிப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆர்டி-க்யூபிசிஆர், அதாவது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, பெருக்கி அளக்கும் முறை, இதுவரை செய்யாதவராக இருந்தாலும் பரவாயில்லை.

படி 1: கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

"கல்லீரல் புற்றில் வளர்சிதை மாற்றம் எப்படி மாறுகிறது" என்பது ஒரு சோதனைக்கான கேள்வி ஆகாது. "ஹெப்ஜி2 செல்களில் ஸ்டெரால் (கொலஸ்ட்ராலும் அதன் இனப் பொருட்களும்) குறைந்தால், எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸுக்கான எச்எம்ஜிசிஆர் மரபணுவின் எம்ஆர்என்ஏ எத்தனை மடங்கு கூடுகிறது, ஸ்டெராலைத் திருப்பிக் கொடுத்தால் இறங்குகிறதா" என்பது ஆகும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த நொதியை நான் சிபாரிசு செய்யக் காரணம் உண்டு. இதன் கட்டுப்பாடு தெளிவாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று. எஸ்ஆர்இபிபி-2 என்ற புரதம் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் சவ்வில் ஸ்கேப் என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து காத்திருக்கிறது. சவ்வில் கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருந்தால் இன்சிக் என்ற புரதம் அந்த ஜோடியை அங்கேயே பிடித்து வைக்கும். கொலஸ்ட்ரால் குறைந்தால் பிடி விடுகிறது, ஜோடி கோல்ஜிக்குப் போகிறது, அங்கே இரண்டு புரோட்டியேஸ்கள் எஸ்ஆர்இபிபி-2 புரதத்தை இரண்டு இடங்களில் வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட முன்துண்டு நியூக்ளியஸுக்குள் நுழைந்து எச்எம்ஜிசிஆர், எல்டிஎல்ஆர், இன்சிக்1 போன்ற மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. கொலஸ்ட்ரால் வளர்சிதை மாற்றம் எப்படிக் கட்டுப்படுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக மைக்கேல் பிரவுனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டீனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆக, உங்கள் கை சரியாக இருந்தால் என்ன விடை வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு நொதி என்றால், அது உங்கள் செல்லில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் தளத்தில் ஹெப்ஜி2 உட்பட பல செல் வரிசைகளின் ஆர்என்ஏ அளவு இலவசமாகக் கிடைக்கிறது. சிஒய்பி3ஏ4 என்ற மருந்துச் சிதைப்பு நொதி ஆரோக்கியமான கல்லீரலில் ஏராளம், ஹெப்ஜி2-வில் மிகக் குறைவு. அதற்கு ஹெப்பாஆர்ஜி செல்கள் பொருத்தம். அதேபோல, இயல்பான கல்லீரல் செல்லின் குளுக்கோகைனேஸ் கல்லீரல் புற்றில் ஒடுங்கி, அந்த இடத்தை ஹெக்ஸோகைனேஸ்-2 பிடித்துக்கொள்வது வழக்கம். எந்த ஐசோஃபார்மை (ஒரே வேலையைச் செய்யும் நொதிகளில் எந்த வடிவத்தை) அளக்கிறோம் என்று தெரியாமல் பிரைமர் (பிசிஆரில் எது பெருக வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வாங்கினால் பணமும் நேரமும் போச்சு.

படி 2: கையில் இருப்பது உண்மையிலேயே அந்தச் செல்தானா?

ஹெப்ஜி2 அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவனின் கல்லீரல் கட்டியிலிருந்து 1970-களில் உருவாக்கப்பட்டது. நீண்ட காலம் இதை ஹெப்பட்டோசெல்லுலார் கார்சினோமா என்றே எழுதிவந்தார்கள். பிறகு மூலக் கட்டியை மறுபடி ஆராய்ந்து, அது ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்ற குழந்தைப்பருவக் கல்லீரல் புற்று என்று 2009-ல் காட்டினார்கள். பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் ஹுஹ்7 அல்லது ஹெப்3பி-யிலும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இவற்றுக்குள்ளேயே வேறுபாடு உண்டு: ஹெப்ஜி2-வில் பி53 மரபணு இயல்பாக இருக்கிறது, ஹுஹ்7-ல் திரிந்திருக்கிறது, ஹெப்3பி-யில் இல்லவே இல்லை.

இதைவிடக் கவலை தருவது பெயர் ஒன்றும் செல் வேறொன்றுமாக இருப்பது. கல்லீரல் செல் என்று பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்ட சாங் லிவர், எல்-02, பிஇஎல்-7402, எஸ்எம்எம்சி-7721 ஆகியவை ஹேலா கலந்தவை, அதாவது கருப்பைவாய்ப் புற்றுச் செல்கள், என்று தெரியவந்திருக்கிறது. செல்லின் டிஎன்ஏ கைரேகையைப் பார்க்கும் எஸ்டிஆர் சோதனை ஒன்றைச் செய்து முடிவைக் கோப்பில் வையுங்கள்.

செல் வளர்ப்பில் கண்ணில் படாமல் புகும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். இந்தச் சோதனையில் அது இரட்டைக் கேடு. பெரும்பாலான மைக்கோபிளாஸ்மா இனங்கள் தங்கள் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெராலைத் தாங்களே செய்துகொள்வதில்லை, வெளியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் அளக்க நினைக்கும் பொருளையே அழையாத விருந்தாளி தின்றுகொண்டிருக்கும்.

படி 3: மூன்று குழுக்கள், ஒரே கை

ஆறு குழிப் பிளேட்டில் குழிக்கு 4 முதல் 5 லட்சம் செல்கள் போடுங்கள். ஹெப்ஜி2 கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. டிரிப்சினுக்குப் பிறகு அவசரப்படாமல், நுரை வராதபடி பிப்பெட்டில் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்குங்கள். நுண்ணோக்கியில் தனிச் செல்களாகத் தெரிந்த பிறகே எண்ணுங்கள். கொத்தோடு எண்ணினால் குழிக்குக் குழி அடர்த்தி மாறும். அடர்த்தி மாறினால் வளர்சிதை மாற்ற மரபணுக்கள் எல்லாமே மாறும், நெருக்கியடித்து வளர்ந்த செல்லுக்குக் குளுக்கோஸும் ஆக்சிஜனும் வேறு அளவில்தான் கிடைக்கும். அறுவடை நேரத்தில் எல்லாக் குழிகளும் 70 முதல் 80 சதவீதம் நிரம்பியிருக்கட்டும்.

மறுநாள் மீடியத்தை மாற்றி மூன்று குழுக்களாகப் பிரியுங்கள்.

முதல் குழு: 10 சதவீதம் சாதாரண சீரம், மருந்தின் கரைப்பான் மட்டும்.

இரண்டாவது குழு: லிப்போபுரதம் (கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்கள்) நீக்கிய சீரம், அதோடு 50 மைக்ரோமோலார் காம்பாக்டின் என்ற ஸ்டேட்டின், 50 மைக்ரோமோலார் மெவலோனேட்.

மூன்றாவது குழு: இரண்டாவதில் உள்ள எல்லாமும், கூடவே மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் 25-ஹைட்ராக்சிகொலஸ்ட்ராலும் 10 மைக்ரோகிராம் கொலஸ்ட்ராலும்.

மருந்தோடு ஏன் மெவலோனேட் என்று கேட்பீர்கள். நொதி தயாரிக்கும் பொருளே மெவலோனேட்தான். அதிலிருந்து கொலஸ்ட்ரால் மட்டும் வருவதில்லை. யூபிக்வினோன், டோலிக்கால், புரதங்களில் ஒட்டும் ஐசோபிரீன் வால்கள் என்று செல் உயிர்வாழத் தேவையான வேறு பலவும் அதிலிருந்துதான் வருகின்றன. அவை அறவே இல்லாமல் போனால் செல் சாகத் தொடங்கும், நீங்கள் அளப்பது சாகும் செல்லின் எம்ஆர்என்ஏவாக இருக்கும். கொஞ்சம் மெவலோனேட் அந்தத் தேவைகளை ஓரளவு ஈடுகட்டும், ஸ்டெரால் பற்றாக்குறை அப்படியே இருக்கும்.

காம்பாக்டின் ஜப்பானில் அகிரா எண்டோ 1970-களில் பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த முதல் ஸ்டேட்டின். அது கிடைக்காவிட்டால் வேறு ஸ்டேட்டினை எடுக்கலாம், அளவை மட்டும் நீங்களே சோதித்து முடிவு செய்யுங்கள். சிம்வாஸ்டேட்டினும் லோவாஸ்டேட்டினும் லாக்டோன் வடிவில் விற்கப்படுபவை. அவற்றைக் காரத்தில் கரைத்து அமில வடிவத்துக்கு மாற்றினால்தான் நொதியை நேரடியாக அடைக்கும். பிரவஸ்டேட்டின் வேண்டாம். அது நீரில் எளிதில் கரையும் மருந்து, செல்லுக்குள் போகத் தனிக் கடத்திகள் வேண்டும், ஹெப்ஜி2-வில் அந்தக் கடத்திகள் குறைவு.

மூன்றாவது குழுவை விட்டுவிட்டுச் சோதனை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து விடாதீர்கள். இரண்டாவது குழுவில் எம்ஆர்என்ஏ ஏறியது ஸ்டெரால் குறைந்ததாலா, மருந்தின் நச்சாலா, சீரம் மாறியதாலா என்பதைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு குழுதான். எல்லாக் குழிகளிலும் கரைப்பான்களின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது குழுவுக்கு எத்தனால் போகிறது என்றால் மற்ற இரண்டுக்கும் அதே அளவு எத்தனால் போக வேண்டும்.

16 மணி நேரம் விடுங்கள். எல்லாக் குழிகளுக்கும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிப்பது முக்கியம்.

படி 4: ஆர்என்ஏ எடுத்தல்

சோதனையின் விதி பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி நம் தோலில், வியர்வையில், மேசையில் எல்லாம் இருக்கிறது. நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்ட ஆர்என்ஏஸ்-ஏ கொதிக்க வைத்தாலும் ஆறியதும் மறுபடி மடிந்து வேலைக்கு வந்துவிடும். ஆட்டோகிளேவ் செய்தோம், போதும் என்று இருக்க முடியாது. கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். கதவுக் கைப்பிடியைத் தொட்ட கையுறையோடு டியூப் மூடியைத் தொடாதீர்கள். ஃபில்டர் டிப் பயன்படுத்துங்கள்.

குழியிலிருந்து மீடியத்தை உறிஞ்சிவிட்டு, குளிர்ந்த பிபிஎஸ்ஸால் ஒரு முறை கழுவி, உடனே 1 மில்லிலிட்டர் டிரைசாலை நேரடியாகக் குழியில் ஊற்றுங்கள். டிரிப்சின் போட்டுச் செல்லைக் கிளப்பி, சுழற்றி, அப்புறம் டிரைசால் போடுவது என்று சுற்றிப் போகாதீர்கள். அந்த அரைமணி நேரத்தில் சில எம்ஆர்என்ஏக்களின் அளவே மாறிவிடும். டிரைசாலில் உள்ள குவானிடினியம் தயோசயனேட் செல்லின் புரதங்களை எல்லாம் ஒரே அடியில் அவிழ்த்துவிடுகிறது, ஆர்என்ஏஸும் அதில் சேர்த்தி. சொம்சின்ஸ்கியும் சாக்கியும் 1987-ல் வெளியிட்ட ஒற்றைப் படி முறையின் அடிப்படை இதுதான். இன்றுவரை நிற்கிறது.

டிரைசாலில் ஃபீனால் இருக்கிறது, தோலைப் புண்ணாக்கும். ஃபியூம் ஹுட்டில் மட்டும் வேலை செய்யுங்கள். கழிவைப் பிளீச்சோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். செல் வளர்ப்பு அறையில் கழிவுக்கெல்லாம் பிளீச் ஊற்றிப் பழகிய கை இங்கே தன்னறியாமல் அதையே செய்யும். கழிவுப் பாட்டிலில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

5 நிமிடம் அறை வெப்பநிலையில் வைத்து, டியூபுக்கு மாற்றி, 0.2 மில்லிலிட்டர் குளோரோஃபார்ம் சேர்த்து 15 விநாடி கையால் நன்றாகக் குலுக்குங்கள். 2 அல்லது 3 நிமிடம் நிற்கட்டும். பிறகு 12,000 ஜி, 4 டிகிரி, 15 நிமிடம் சுழற்றுங்கள். இப்போது டியூப் மூன்றாகப் பிரிந்திருக்கும்: கீழே இளஞ்சிவப்பு, நடுவில் பால்போல மெல்லிய வெள்ளைப் படலம், மேலே கண்ணாடி போலத் தெளிந்த நீர். ஆர்என்ஏ மேலே. டியூபைச் சாய்த்துப் பிடித்து, பிப்பெட் முனையைத் திரவத்தின் மேற்பரப்பிலேயே வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். வெள்ளைப் படலத்துக்கு மேலே ஒரு விரல்நகக் கனம் மிச்சம் வைத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். அந்தக் கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால் டிஎன்ஏவும் ஃபீனாலும் சேர்ந்து வரும். ஆர்என்ஏ நமக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கிடைக்கப்போகிறது: ஒரு செல்லில் பொதுவாக 10 முதல் 30 பிக்கோகிராம், பத்து லட்சம் செல்லில் 10 முதல் 30 மைக்ரோகிராம்.

தெளிந்த நீரில் 0.5 மில்லிலிட்டர் ஐசோபுரோப்பனால் சேர்த்து 10 நிமிடம், பிறகு 12,000 ஜி-யில் 10 நிமிடம். பெல்லெட் பலசமயம் கண்ணுக்கே தெரியாது. டியூபின் கீல் வெளிப்பக்கம் இருக்கும்படி சுழற்றியில் வைத்தால் பெல்லெட் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். 75 சதவீத எத்தனாலில் கழுவி, 7,500 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றி, எத்தனாலை முழுக்க எடுத்துவிட்டு 5 முதல் 10 நிமிடம் காற்றில் உலர்த்துங்கள். முற்றிலும் காய்ந்து கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகிவிட்டால் கரைவது கடினம். 30 மைக்ரோலிட்டர் ஆர்என்ஏஸ் இல்லாத நீரில் 55 டிகிரியில் 10 நிமிடம் கரையுங்கள். அதன் பிறகு எப்போதும் பனிக்கட்டிமேல்.

படி 5: தரம் பார்த்தல்

ஒளி உறிஞ்சலை அளந்தால், 260 நானோமீட்டருக்கு 280 விகிதம் 2.0 பக்கத்தில் இருந்தால் புரதக் கலப்பு இல்லை. 260-க்கு 230 விகிதம் 2-க்கும் மேலே இருந்தால் நல்லது. அது 1-க்கும் கீழே விழுந்தால் பெரும்பாலும் குவானிடினியம் மிச்சம் இருக்கிறது. இன்னொரு முறை எத்தனாலில் கழுவினால் சரியாகும். ஃபீனால் 270-ல் உறிஞ்சுவதால் அளவையே பொய்யாக உயர்த்திக் காட்டும். அதனால் ஒற்றை எண்ணை மட்டும் பார்க்காமல் வளைகோட்டின் உச்சி 260-ல்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த விகிதங்கள் ஆர்என்ஏ முழுசாக இருக்கிறதா என்று சொல்லாது. தூள் தூளான ஆர்என்ஏவும் 2.0 காட்டும். அகரோஸ் ஜெல்லில் ஓட்டி 28எஸ், 18எஸ் என்ற ரைபோசோம் ஆர்என்ஏக்களின் இரண்டு பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றனவா, மேல்பட்டை கீழ்ப்பட்டையைப்போல் சுமார் இரண்டு மடங்கு பிரகாசமாக இருக்கிறதா என்று பாருங்கள். பயோஅனலைசர் இருந்தால் ஆர்என்ஏ எவ்வளவு முழுசாக இருக்கிறது என்று சொல்லும் ஆர்ஐஎன் மதிப்பு 10-க்கு எவ்வளவு என்று கிடைக்கும். செல் வளர்ப்பிலிருந்து எடுத்ததற்கு 9-க்கு மேல் வராவிட்டால் எங்கோ கை தவறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: டிஎன்ஏவை நீக்கி, சிடிஎன்ஏ செய்தல்

டிஎன்ஏஸ்-1 நொதியால் மிச்ச டிஎன்ஏவை அழியுங்கள், பிறகு இடிடிஏ சேர்த்து 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்து அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் அதே 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏ எடுத்து, 20 மைக்ரோலிட்டர் வினையில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடுங்கள். ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ நகலை, அதாவது சிடிஎன்ஏவை, செய்யும் இந்த நொதியை 1970-ல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். பிரைமராக ரேண்டம் ஹெக்சமரும் ஒலிகோ-டிடியும் கலந்து போடுவது எனக்குப் பிடித்த வழி.

எல்லா மாதிரிகளுக்கும் நொதி மட்டும் போடாத ஒரு டியூபும் செய்யுங்கள். பிசிஆரில் அந்த டியூப் உண்மை மாதிரியைவிடக் குறைந்தது 7 சுழற்சி பின்தங்கி வர வேண்டும். 7 சுழற்சி என்றால் 128-ல் ஒரு பங்கு, அதாவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. முடித்ததும் சிடிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து, சிறு பங்குகளாக உறையவையுங்கள்.

படி 7: பிரைமர், அதிலும் 13-ஆம் எக்ஸான்

பொது விதிகள் எளியவை: 70 முதல் 150 கார இணை நீளமுள்ள துண்டு, உருகுநிலை 60 டிகிரிப் பக்கம், இரண்டு எக்ஸான் (மரபணுவில் எம்ஆர்என்ஏவில் தங்கும் துண்டு) சேரும் இடத்தின்மேல் ஒரு பிரைமர் அல்லது நடுவில் ஒரு பெரிய இன்ட்ரான் (வெட்டி நீக்கப்படும் துண்டு). என்சிபிஐ-யின் பிரைமர்-பிளாஸ்ட் இதையெல்லாம் பார்த்துத் தரும்.

எச்எம்ஜிசிஆர் மரபணுவுக்கென்று ஒரு தனி விஷயம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. இந்த மரபணு 5-ஆம் குரோமோசோமில் 20 எக்ஸான்களோடு இருக்கிறது. அதன் எம்ஆர்என்ஏ இரண்டு விதமாகத் தைக்கப்படுகிறது: ஒன்றில் 13-ஆம் எக்ஸான் உண்டு, மற்றொன்றில் இல்லை. அந்த எக்ஸான் நொதியின் வேலை செய்யும் பகுதியில், ஸ்டேட்டின் உட்காரும் இடத்தின் ஒரு பாகத்தைக் குறிக்கிறது. எவ்வளவு எம்ஆர்என்ஏவில் அது விடுபடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆர்எஸ்3846662 என்ற ஒற்றை எழுத்து வேறுபாடு அதைப் பாதிக்கிறது. செல் வரிசையும் ஒரு மனிதரிடமிருந்து வந்ததுதானே, அவருடைய வேறுபாட்டையும் சுமந்துகொண்டுதான் வரும்.

ஆகவே 13-ஆம் எக்ஸானுக்குள் பிரைமர் வைத்தால் முழு வடிவத்தை மட்டும் அளக்கிறீர்கள். அதற்கு வெளியே, உதாரணமாக முதல் சில எக்ஸான்களில் வைத்தால் இரண்டையும் சேர்த்து அளக்கிறீர்கள். இரண்டும் தவறில்லை. ஆனால் ஹெப்ஜி2-வையும் ஹுஹ்7-ஐயும் ஒப்பிடும்போது எதை அளந்தோம் என்று தெரியாமல் இருப்பது தவறு. என்எம்_000859 என்பது முழு வடிவத்தின் வரிசை, என்எம்_001130996 என்பது 13 விடுபட்டது. இரண்டையும் அருகருகே வைத்து உங்கள் பிரைமர் எங்கே ஒட்டுகிறது என்று ஒரு முறை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கடையில் வாங்கிய ரெடிமேட் பிரைமராக இருந்தாலும் பாருங்கள்.

பிரைமர் வந்ததும் சிடிஎன்ஏவை ஐந்து படியாக நீர்த்துத் திறனைச் சோதியுங்கள். நீர்ப்பின் பத்தடிமான மடக்கைக்கு எதிரே சிடி மதிப்பை (ஒளி எல்லைக்கோட்டைத் தாண்டும் சுழற்சி எண், படி 10 பாருங்கள்) வரைந்தால் சாய்வு −3.32 வந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் சரியாக இரட்டிப்பு. −3.58 முதல் −3.10 வரை ஏற்கலாம், அதாவது 90 முதல் 110 சதவீதம்.

படி 8: ஒப்பீட்டு மரபணு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்வதானால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்: கல்லீரல் புற்றில் வளர்சிதை மாற்ற நொதியை அளக்கும்போது ஜிஏபிடிஎச்-ஐ அளவுகோலாக, அதாவது எல்லா மாதிரிகளிலும் மாறாது என்று நம்பி ஒப்பிடும் மரபணுவாக, வைக்காதீர்கள்.

ஜிஏபிடிஎச் கிளைக்காலிசிஸ் பாதையில் உள்ள ஒரு நொதி. அதுவும் வளர்சிதை மாற்றத்தின் ஒரு பகுதிதான். ஆக்சிஜன் குறைந்தால் ஏறும், புற்றுச் செல் சர்க்கரையை வேகமாக எரிக்கத் தொடங்கினால் ஏறும். நீங்கள் ஆராயும் மாற்றத்தோடு சேர்ந்தே ஆடும் அளவுகோலால் எதையும் அளக்க முடியாது. இன்னொரு தொல்லை, மனித ஜீனோமில் அதற்கு 60-க்கும் மேற்பட்ட போலி மரபணுக்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றில் இன்ட்ரான் கிடையாது, எம்ஆர்என்ஏவின் நகல்போலவே இருக்கும். எக்ஸான் சந்திப்பில் பிரைமர் வைத்தாலும் மிச்ச டிஎன்ஏ பிசிஆரில் பெருகிவிடும்.

ஒரு ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் பல மாதம் உழைத்து, ஆக்சிஜன் குறைந்தால் தன் நொதி பாதியாகக் குறைகிறது என்று முடிவெடுத்திருந்தார். டிபிபி என்ற வேறொரு மரபணுவை அளவுகோலாக வைத்துப் பார்த்ததும் நொதி அசையவே இல்லை. ஏறியிருந்தது ஜிஏபிடிஎச். அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

டிபிபி, ஆர்பிஎல்பி0, பிபிஐஏ என்று மூன்று நான்கை எடுத்து, மூன்று குழுக்களிலும் ஓட்டி, எவை குறைவாக ஆடுகின்றன என்று பாருங்கள். ஜிநார்ம் என்ற முறை இதற்காகவே 2002-ல் வந்தது. குறைந்தது இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஆர்பிஎல்பி0, பிபிஐஏ இரண்டுக்கும் போலி மரபணுக்கள் உண்டு, ஆகவே படி 6-ன் டிஎன்ஏஸை விட முடியாது.

படி 9: ஓட்டுதல்

10 மைக்ரோலிட்டர் வினை, டிஎன்ஏவோடு சேர்ந்து ஒளிரும் சைபர் கிரீன் சாயம், ஒவ்வொரு பிரைமரும் 200 முதல் 400 நானோமோலார். 95 டிகிரியில் 2 நிமிடம், பிறகு 95-ல் 10 விநாடி, 60-ல் 30 விநாடி என 40 சுழற்சி, கடைசியில் உருகு வளைகோடு. ஒற்றை உச்சி வந்தால் ஒரே பொருள் பெருகியிருக்கிறது. தொடக்கத்தில் ஒரு முறை ஜெல்லிலும் பார்த்து நீளத்தை உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு மாதிரியும் மூன்று குழிகளில், நீர் மட்டும் போட்ட குழிகள் தனியே. எல்டிஎல்ஆர் அல்லது இன்சிக்1 மரபணுவையும் கூடவே ஓட்டுங்கள். ஸ்டெரால் குறைந்திருந்தால் இவையும் ஏற வேண்டும். இவை ஏறாமல் எச்எம்ஜிசிஆர் மட்டும் ஏறினால் முடிவை நம்பாதீர்கள்.

படி 10: கணக்கு

சிடி என்பது ஒளி எல்லைக்கோட்டைத் தாண்டிய சுழற்சி எண். குறைந்த எண் என்றால் அதிக எம்ஆர்என்ஏ. கணக்கு புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம்.

முதல் குழுவில் டிபிபி 25.6, ஆர்பிஎல்பி0 18.4. சராசரி 22.0. எச்எம்ஜிசிஆர் 22.9. வித்தியாசம் 0.9.

இரண்டாவது குழுவில் டிபிபி 25.8, ஆர்பிஎல்பி0 18.4. சராசரி 22.1. எச்எம்ஜிசிஆர் 21.3. வித்தியாசம் −0.8.

மூன்றாவது குழுவில் டிபிபி 25.5, ஆர்பிஎல்பி0 18.3. சராசரி 21.9. எச்எம்ஜிசிஆர் 23.9. வித்தியாசம் 2.0.

முதல் குழுவின் வித்தியாசத்தை மற்றவற்றிலிருந்து கழியுங்கள். இரண்டாவதுக்கு −1.7, மூன்றாவதுக்கு 1.1. குறியை மாற்றி 2-க்கு அடுக்காக வைத்தால், ஸ்டெரால் குறைந்தபோது 3.25 மடங்கு, திருப்பிக் கொடுத்தபோது 0.47 மடங்கு. லிவாக்கும் ஷ்மிட்ஜெனும் 2001-ல் விளக்கிய முறை இது. எல்லாப் பிரைமர்களும் நூறு சதவீதத் திறனில் ஓடுகின்றன என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. எச்எம்ஜிசிஆர் பிரைமரின் திறன் 90 சதவீதமாக இருந்தால், 2-க்குப் பதில் 1.9 வைக்க வேண்டும். ஒப்பீட்டு மரபணுக்கள் ஆடவில்லை என்று வைத்துக்கொண்டால் 3.25 என்பது 3-க்குச் சற்றுக் கீழே இறங்கும். அதனால்தான் படி 7-ல் திறன் சோதனையை வற்புறுத்தினேன்.

புள்ளியியலில் ஒரு பொறி. ஒரே மாதிரியை மூன்று குழிகளில் ஓட்டியது மூன்று சோதனை ஆகாது. பிப்பெட் எவ்வளவு நிதானமாக இருந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஒரே நாளில், ஒரே பாசேஜில் போட்ட மூன்று குழிகளும் அப்படியே. வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு பாசேஜ்களில், புதிதாகத் தொடங்கி முடித்தவை மட்டுமே தனித்தனிச் சோதனைகள். குறைந்தது மூன்று வேண்டும், நான்கைந்து இருந்தால் நிம்மதி. சோதனையை மடங்கு எண்களில் செய்யாமல் சிடி வித்தியாசங்களில் செய்யுங்கள். மடங்கு எண்கள் ஒரு பக்கம் இழுபட்டு நிற்பவை, டி-டெஸ்ட்டுக்குப் பொருந்தா.

பிரைமர் வரிசை, திறன், ஆர்என்ஏ தரம், ஒப்பீட்டு மரபணு ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2009-ல் வந்த எம்ஐக்யூஇ நெறிமுறை கேட்பதும் இவற்றைத்தான்.

படி 11: ஏறியது ஏன்? ஆக்கமா, ஆயுளா?

எம்ஆர்என்ஏ கூடுவதற்கு இரண்டு வழி: புதிதாக அதிகம் எழுதப்படலாம், அல்லது எழுதியது சிதையாமல் நீடிக்கலாம். பிரித்துப் பார்க்க வேண்டுமானால், மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஆக்டினோமைசின்-டி கொடுத்து எழுத்தை நிறுத்தி, 0, 1, 2, 4, 6 மணி நேரத்தில் ஆர்என்ஏ எடுங்கள். இங்கே டிபிபி போன்றவை அளவுகோலாக உதவாது, எழுத்து நின்றால் அவையும் தேயும். 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவை வையுங்கள், அது அந்தச் சில மணி நேரத்தில் அசையாது. 18எஸ்-க்கு ஒலிகோ-டிடி ஒட்டும் பாலி-ஏ வால் இல்லை என்பதால் சிடிஎன்ஏ செய்யும்போது ரேண்டம் ஹெக்சமர் கட்டாயம்.

படி 12: புரதத்தையும் பாருங்கள்

எம்ஆர்என்ஏ 3 மடங்கு ஏறியது, ஆகவே நொதியும் 3 மடங்கு என்று எழுதத் தோன்றும். எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் விஷயத்தில் அது நிச்சயம் தவறாகப் போகும். ஸ்டெரால் நிறைய இருந்தால் இன்சிக் புரதம் இந்த நொதியைப் பிடித்து, யூபிக்விட்டின் ஒட்டவைத்து, புரோட்டியசோமில் அழிக்கக் கொடுத்துவிடும். ஸ்டெரால் குறைந்தால் அந்த அழிவு நிற்கிறது. அதனால் புரதம் எம்ஆர்என்ஏவைவிடப் பல மடங்கு அதிகமாகக் குவியும். அதே நேரம் மருந்து அதை அடைத்து வைத்திருக்கும். ஏஎம்பிகே என்ற நொதி வேறு, 872-ஆம் செரீனில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதன் வேகத்தைக் குறைக்கலாம். எம்ஆர்என்ஏ, புரதம், வேலை மூன்றும் மூன்று வெவ்வேறு எண்கள். உங்கள் ஆர்டி-க்யூபிசிஆர் சொல்வது முதலாவதை மட்டும். "நொதியின் வெளிப்பாடு கூடியது" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் "எம்ஆர்என்ஏ கூடியது" என்றே எழுதுங்கள்.

அதே பிளேட்டில் குழுவுக்கு ஒரு குழியைப் புரதத்துக்கு ஒதுக்கினால் வெஸ்டர்ன் பிளாட்டும் அன்றே தொடங்கலாம். 888 அமினோ அமிலம் கொண்ட இந்தப் புரதம் சவ்வை எட்டு முறை ஊடுருவிச் செல்வது. வழக்கம்போல 95 டிகிரியில் கொதிக்க வைத்தால் திரண்டு ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடும், 97 கிலோடால்டன் இடம் காலியாக இருக்கும். மாதிரியை 37 டிகிரியில் அரைமணி நேரம் மட்டும் வைத்து ஏற்றுங்கள். புரோட்டியேஸ் தடுப்பானை லைசிஸ் பஃபரில் அப்போதுதான் புதிதாகச் சேருங்கள், கூடவே புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி-132 கொடுத்த ஒரு குழியையும் வையுங்கள். சாதாரண சீரத்தில் பட்டை மங்கலாகத் தெரிவது புரதம் அழிவதாலா, ஆன்டிபாடி சரியில்லாததாலா என்பதை அந்தக் குழி சொல்லிவிடும்.